சின்னத்தாயின் கொப்புளம்

சின்னத்தாய்க்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அந்த ஐப்பசியில் அவ்வளவு மோசமாக மாட்டிக்கொண்டிருக்க மாட்டாள். வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் வயிற்றுவலி, தலைச்சுற்றல், தாய்மாமன் சாவு என்று எதையாவது சொல்லி லீவு வாங்கிக்கொண்டு மலையிறங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒரே தாய்மாமனை வருஷத்துக்கு ஒருதரம் சாகடித்தவர்களும் உண்டு. சின்னத்தாய் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றால் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிடும்.

"மகளுக்கு ஒம்பதாம் மாசம்யா. கோம்பைக்குப் போய்க் கூட்டியாரணும்" என்றாள்.

"வளைகாப்புன்னு ஆவணியிலதான போய்ட்டு வந்த?"

"அன்னைக்கு வளையல் போட்டதோட சரி. இப்பத்தான் அனுப்புறோம்னு சொல்லியிருக்காக."

"காய் எடுப்பு முடியட்டும்" என்று கணக்கப்பிள்ளை பேரேட்டில் குனிந்துகொண்டார்.

காய் எடுப்பு முடியப் பிள்ளைக்குப் பல்லே முளைத்துவிடும். இது அவருக்கும் தெரியும். பிரசவம் மகளுக்கு, வேலை உனக்கு என்பது அந்தத் தோட்டத்து நியாயம். ஏலச்செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரத்திலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க நல்ல விரல் வேண்டும். நல்ல விரல் உள்ளவளை அந்தப் பருவத்தில் எவன் வெளியே விடுவான்? சொல்லாமல் போனால் பேரேட்டிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். பேர் அடிபட்டால் லயத்து வீடு போய்விடும். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளைத்தான் லயம் என்பார்கள். மற்ற அறைகளைப் புருஷன் பேரோ மகன் பேரோ தாங்கிக்கொண்டிருந்தது. சின்னத்தாயின் புருஷன் மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்துப்போனான். அந்த அறையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுடைய ஒரு பேர்தான்.

அப்படியானால் வீட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவளுக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் தலைப்பிரசவம் இப்படித்தான் காய் எடுப்பில் வந்தது. அப்போதும் கணக்கப்பிள்ளை இதையே சொன்னார், சின்னத்தாயும் சரியென்று காத்திருந்தாள். தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வரவில்லையே என்று மூத்தவள் மாமியார் வீட்டு வாசலைப் பார்த்தபடியே கிடந்தாளாம். கால் வீங்கி, முகம் வீங்கி, ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். சேதி கிடைத்துச் சின்னத்தாய் இறங்கிப் போனபோது பிணத்தைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். இளையவள் முத்துப்பேச்சி விஷயத்தில் இன்னொரு முறை காத்திருக்க அவளால் ஆகாது.

இதையெல்லாம் அறிந்த ஒரே ஆள் பக்கத்து அறைச் செபமாலையம்மாள். வேதக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே கேட்கும். செபமாலை ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து சின்னத்தாய் முன்னால் திறந்தாள். உள்ளே கறுப்பில் சிவப்புப் பட்டை போட்ட வண்டுகள் காய்ந்து கிடந்தன. கீழே கம்பம் பள்ளத்தாக்கில் மழை விட்டதும் அவரைப் பூவை மொய்க்கும் கொப்புள வண்டு. அவளுடைய புருஷன் ஏசுரத்தினத்துக்குப் புறங்கையில் இருந்த மருவைப் போக்க, ஊருக்குப் போனபோது பிடித்து வந்தது.

"இத நசுக்கித் தேச்சா மறுநாள் கொப்புளம் வரும் மதினி. காந்தும், ஆனா தழும்பு இருக்காது. விரல்ல கொப்புளத்தோட யாரும் காய் பறிக்கச் சொல்ல மாட்டாக. கம்பவுண்டரு சீட்டுக் குடுத்துருவாரு."

"பொய்யில்ல அது?"

"நீங்க வாயத் தெறக்க வேணாம். கைய நீட்டுங்க, போதும்."

வாயைத் திறக்காமல் சொல்லும் பொய் என்பது சின்னத்தாய்க்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஒரு வண்டை நசுக்கி வலது விரல்களில் தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காந்தலும் இல்லை. காய்ந்த வண்டில் சாரம் போய்விட்டதோ என்று இன்னொன்றை எடுத்துத் தாராளமாகத் தேய்த்தாள். கைகழுவினால் போய்விடுமே என்று கழுவவுமில்லை. அடுப்பு ஊதும்போது கழுத்து வியர்வையைத் துடைத்தாள், கன்னத்தைச் சொறிந்தாள், கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தாள். அந்த நஞ்சு உடனே ஒன்றும் காட்டாது. ஆற அமர வேலை செய்கிற நஞ்சு. பச்சைப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் மௌனப் பொய்யை அளவோடு தேய்ப்பாளா?

விடிந்தபோது விரலில் மட்டுமில்லை, முழங்கை மடிப்பில், கழுத்தில், கன்னத்தில், நெற்றியோரத்தில் எல்லாம் நீர்கோத்த கொப்புளம் நின்றது. மேலெல்லாம் எரிந்தது. கம்பவுண்டர் குருசாமியைப் பார்க்கப் புறப்பட்டவளைத் தண்ணீர்க் குழாயடியில் சுருளியம்மாள் பார்த்துவிட்டாள். லயத்தில் நல்லது கெட்டது எதற்கும் முன்னால் நிற்கிற பெண்பிள்ளை அவள். கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா. எங்கிட்டுக் கெளம்புற நீ? உள்ள போ."

"அது இல்லக்கா..." என்று சின்னத்தாய் இழுத்தாள். அதற்குமேல் என்ன சொல்வது? வண்டு என்று சொன்னால் லீவுக்காக ஏமாற்றியவள் ஆவாள், பேர் போகும், வீடு போகும். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே சுருளியம்மாள் வேப்பிலைக் கொத்துகளை நிலையில் செருகினாள். அவ்வளவுதான், கதவு சாத்தாமலே வீடு பூட்டப்பட்டுவிட்டது. அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. தாளிக்கக் கூடாது, தலைசீவக் கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுகிறவரை நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. பிள்ளைத்தாச்சி இருக்கும் திசைக்கே போகக் கூடாது. எந்த வாசலுக்குப் போவதற்காக வண்டை நசுக்கினாளோ அந்த வாசல்தான் முதலில் அடைபட்டது.

கம்பவுண்டர் குருசாமி முற்றத்தில் நின்று வேப்பிலையைப் பார்த்தார், தூரத்திலிருந்தே கன்னத்தைப் பார்த்தார், வந்த வழியே வேகமாகத் திரும்பினார். எழுபத்து நாலாம் வருஷம் அது. பெரியம்மையைப் பூண்டோடு ஒழிக்கப்போகிறோம் என்று நாடு முழுக்க வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் வந்தாலே மேலே சொல்லியாக வேண்டும். மறுநாள் ஜீப் வந்தது. மலையாளத்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் இறங்கினார், எல்லாவற்றையும் பார்த்தார். கொப்புளத்து நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து எங்கோ உள்ள பெரிய லேபுக்கு அனுப்பினார். லயம் முழுவதையும் நிற்கவைத்து ஊசி குத்தினார். குத்து வாங்கிய குழந்தைகளின் அழுகை ஒவ்வொன்றும் சின்னத்தாய்க்குத் தன்னால்தான் என்று பட்டது. லேபிலிருந்து பதில் வருகிறவரை அவள் அறையை விட்டு வெளியேறக் கூடாது என்று சொல்லி, அதே லயத்துச் சோலையை வாசலில் காவலுக்கு உட்காரவைத்தார்.

சோலை சாதுவான மனிதர். தினமும் அவளோடு ஏலத்தோட்டத்துக்கு நடந்தவர்தான். இப்போது கையில் ஒரு கம்பைக் கொடுத்து உட்காரவைத்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எதிர்ப் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோற்றைச் செபமாலை கொண்டுவந்து வாசல்படியில் வைப்பாள். சோலை விலகி நின்றபிறகு சின்னத்தாய் எடுத்துக்கொள்வாள். கழுவித் திருப்பி வைத்த தட்டைச் சாம்பல் போட்டு மறுபடி கழுவுவாள் சுருளியம்மாள். அறைக்குள் நீட்டிப் படுத்தால் கால் சுவரைத் தொடும். இத்தனை வருஷம் இருந்த அறை இவ்வளவு சின்னது என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் தோலுக்குள் என்ன நடந்தது என்று அன்றைக்கு அந்த மலையில் யாருக்கும் தெரியாது. மலைக்குக் கீழே படித்தவர்களுக்கும் தெரியாது. வெகுகாலம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதங்கள்தான் வேலையாட்கள். அவற்றை ஏவவும் அடக்கவும் செல் ஒரு வழி வைத்திருக்கிறது. ஃபாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கை அவற்றின்மேல் ஒட்டும். ஒட்டினால் சில புரதம் எழுந்து வேலையைத் தொடங்கும், சில படுத்துவிடும். ஒட்டுவதற்கு ஒரு கூட்டம் உண்டு, அதற்குக் கைனேஸ் என்று பேர். ஒட்டியதைக் கழற்றுவதற்கு இன்னொரு குடும்பம், ஃபாஸ்ஃபடேஸ். ஒட்டுகிறவை ஏராளம். கழற்றுகிறவை அவ்வளவு இல்லை. அவற்றில் முக்கியமானவை தனியாக நின்று பெரிதாக எதையும் சாதிப்பதுமில்லை, இடத்துக்கேற்ற துணையைச் சேர்த்துக்கொண்டுதான் எதைக் கழற்றுவது என்று கண்டுகொள்கின்றன. இந்த இரண்டு கூட்டமும் ஓயாமல் வேலை பார்ப்பதால்தான் செல் ஒரு நிதானத்தில் இருக்கிறது. ஒட்டியது ஒட்டியபடியே நின்றால், தொடங்கியது நிற்காது, நின்றது தொடங்காது.

கொப்புள வண்டின் நஞ்சு தீயைப் போலச் சுடுவதில்லை. கழற்றுகிறவற்றின் கையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அது செய்கிற காரியம். கழற்ற ஆளில்லாமல் போனதும் செல்லுக்குள் வேலைகள் கட்டுமீறுகின்றன. ஒரு செல்லை அடுத்ததோடு பிணைத்திருக்கும் முடிச்சுகள் அறுந்துபோகின்றன. தோலடுக்கு பிரிந்து நடுவில் நீர் கோக்கிறது. கொப்புளம் என்பது அதுதான்.

இதைச் சின்னத்தாயிடம் சொல்லியிருந்தால் உடனே தலையாட்டியிருப்பாள். அவள்மேல் ஒட்டுவதற்கும் வரிசையாக ஆள் வந்தார்கள். சுருளியம்மாள் ஒட்டினாள், குருசாமி ஒட்டினார், ஜீப்பில் வந்தவர் ஒட்டினார். கழற்றுவதற்கு ஒருவரும் இல்லை. நம் நாட்டில் முத்திரை குத்துகிறவனுக்குத் தனி நாற்காலி போடுவார்கள். குத்தியதை அழிக்க ஒருவனையும் வேலைக்கு வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் போலக் கழிந்திருக்கும். ஒருநாள் காலையில் சோலை பாறையைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, ஒன் மருமகன் நல்லதம்பி கீழ ரோட்டுல வந்து நின்னாரு. லயத்துப் பக்கம் விடல. அம்மைனு கேட்டதும் மூஞ்சி செத்துப்போச்சு."

"புள்ள எப்பிடி இருக்காம்?"

சோலை கம்பைத் தரையில் குத்தினார். "நல்லாத்தான் இருக்காம். காலு மட்டும் வீங்கியிருக்காம்."

மூத்தவளுக்கும் முதலில் கால்தான் வீங்கியது. சின்னத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு, பேர், தோட்டம் எல்லாம் ஒரு நொடியில் தூசாகப் போயிற்று. உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தாள். ஒட்டியது எதனால் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னால் கழன்றுவிடும் என்று நம்பினாள், பாவம்.

முதலில் சுருளியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, இது ஆத்தா இல்ல. லீவுக்காக நாந்தான் கொப்புள வண்டத் தேச்சேன்."

சுருளியம்மாள் கொஞ்சமும் கோபப்படவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டாள். "ஆத்தா ஒன்ன இப்பிடியெல்லாம் பேச வைக்கிறா. வெக்கை தலைக்கு ஏறிப்போச்சு. பேசாமப் படு, எளநி கொண்டாரச் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவரிடமும் சொன்னாள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், நின்று கேட்டார். ஆனால் அம்மையை மறைக்க ஊர்ஊராய் எத்தனையோ கதை கேட்டுவிட்டு வந்த காது அது. சூட்டுக் கொப்புளம், தேனீ கொட்டியது, அடுப்பில் விழுந்தேன் என்று சொல்லாதவர்கள் இல்லை.

"அம்மே, எல்லாரும் இங்ஙனத்தன்னே சொல்லும். லேபில இருந்து ரிப்போர்ட் வரட்டே" என்று ஜீப்பில் ஏறினார்.

வாழ்நாளெல்லாம் உண்மையைத் தவிர எதையும் பேசத் தெரியாத பெண்பிள்ளையின் வாயிலிருந்து வந்த உண்மையை ஒரு ஆளும் வாங்கிக்கொள்ளவில்லை. சின்னத்தாய் நடுச்சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். சத்தம் வராவிட்டாலும் அந்தச் சுவருக்கு அது கேட்கும்.

அடுத்தமுறை ஜீப் வந்தபோது செபமாலையம்மாள் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஊசிக்கு வந்தவர்கள், தோட்டத்துக்குக் கிளம்பியவர்கள், கணக்கப்பிள்ளை, சுருளியம்மாள் எல்லோரும் இருந்தார்கள். ஏசுரத்தினம் அவளை முறைத்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. தீப்பெட்டியைத் திறந்து ஒரு வண்டை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் இடது முன்கையில் வைத்து நசுக்கித் தேய்த்தாள்.

"மதினிக்கு இதக் குடுத்தது நாந்தான். நாளைக்கு வந்து இந்தக் கையப் பாருங்க சார். கொப்புளம் இல்லேன்னா என்னையும் உள்ள வச்சுப் பூட்டுங்க."

இன்ஸ்பெக்டர் அந்தத் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் சொன்னபடி வந்தார். செபமாலையின் கையில் தேய்த்த இடத்தில் மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு நீர்கோத்து நின்றது. அறைக்குள் போய்ச் சின்னத்தாயைத் திரும்பப் பார்த்தார். அவளுடைய கொப்புளமெல்லாம் அதற்குள் வற்றி, உரிந்து, அடியில் புதுத்தோல் தெரிந்தது. பெரியம்மை அத்தனை சீக்கிரம் சுவடில்லாமல் போகாது என்பது அவருக்குத் தெரியும். லேபின் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சோலையிடமிருந்து கம்பை வாங்கிச் சுவரோரம் சாய்த்தார்.

சுருளியம்மாள்தான் தாங்கவில்லை. இத்தனை நாள் அந்த வாசலில் விழுந்து கும்பிட்டிருக்கிறாள், பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்திருக்கிறாள். "ஆத்தா பேர்ல வெளாண்டுட்டியே பாவி" என்று வேப்பிலையைப் பிய்த்து முற்றத்தில் எறிந்தாள். அவள் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. எறிந்ததைச் சின்னத்தாய் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

கணக்கப்பிள்ளைக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. லீவுக்காகத் தோட்டத்தையே நாடகத்தில் இழுத்துவிட்டவள் என்று அன்றைக்கே பேரை அடித்தார். செபமாலையின் பேரையும் அடித்தார். அவளுக்கு ஏசுரத்தினத்தின் பேரில் லயம் இருந்தது, அதனால் அறையில் இருந்துகொண்டே ஏச்சு வாங்கினாள். சின்னத்தாய்க்கு அறையைக் காலி செய்ய அந்தக் காலைப்பொழுதுதான் கிடைத்தது. சட்டி பானையைச் செபமாலை வீட்டில் போட்டாள். துணியை மூட்டையாகக் கட்டினாள். சோலைதான் சாவியை வாங்கிக்கொள்ள வந்தார். மறுபடியும் பாறையைப் பார்த்துக்கொண்டே வாங்கினார்.

கம்பமெட்டு வழியாக இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதை வழுக்கியது. மூத்தவள் சேதி கேட்டு இறங்கியபோது இதே பாதையில் அழுதுகொண்டே போனது ஞாபகம் வந்தது. இந்தமுறை அழ நேரமில்லை. கம்பத்தில் பஸ் பிடித்துக் கோம்பை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை.

சம்பந்தியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அம்மை கண்ட ஒடம்போட வந்திருக்கீகளே?"

சின்னத்தாய் வெளிச்சத்தில் போய் நின்று முகத்தைத் திருப்பிக் காட்டினாள். கழுத்தைக் காட்டினாள், முழங்கையை விரித்துக் காட்டினாள். செபமாலை சொன்னது சரிதான், ஒரு புள்ளி தழும்பு இல்லை. அவள் பட்ட பாட்டுக்கு அவள் உடம்பில் சாட்சியே கிடையாது. சம்பந்தியம்மாள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள், பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

முத்துப்பேச்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கித்தான் இருந்தது. முகம் வீங்கவில்லை. சின்னத்தாய் அதைத்தான் முதலில் பார்த்தாள். உட்கார்ந்து மகளின் காலை மடியில் எடுத்துப் போட்டு அமுக்கிவிட்டாள். வயிற்றுக்குள் பிள்ளை அசைவதைக் கையால் தொட்டுப் பார்த்தபிறகுதான் மூச்சு சீராக வந்தது.

முத்துப்பேச்சியின் பக்கத்தில் ஒரு பை தயாராக இருந்தது. சேலை, பழந்துணி, பிள்ளைக்குத் தைத்த சின்னச் சட்டை எல்லாம் மடித்து, எத்தனையோ நாளாகக் கட்டிவைத்திருந்த பை.

"எனக்கும் நீ வராமப் போயிருவியோன்னு பயந்துட்டேன்மா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை அம்மாவின் பக்கம் தள்ளினாள். "ரொம்ப ஒக்கார முடியல. நாளைக்கே நம்ம வீட்டுக்குப் போயிருவமா?"

சம்பந்தியம்மாளும் கதவோரம் நின்று பதிலை எதிர்பார்த்தாள். சின்னத்தாய் மகளின் காலிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலும் நடுங்கவில்லை.

"லயத்துக்கு வெள்ளையடிக்கிறாகத்தா. ஒரே சுண்ணாம்பு நெடி, பிள்ளத்தாச்சிக்கு ஆகாது. பிள்ளையப் பெத்து எடுத்துக்கிட்டுப் போவோம், அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கப் போறேன்."

முத்துப்பேச்சி சரியென்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அதை அப்படியே நம்பினாள்.